இலுப்பூர்க்காரனுக்கு எதுக்குய்யா லெட்டூஸ்?

டிஸ்கி: சமையல் குறிப்புன்னு நினைச்சு உள்ள வந்தவங்க கொஞ்சம் பொறுமையா இருங்க, கடைசியில குறிப்பும் இருக்கு. மத்தபடி இதுல உள்குத்து எதுவும் கிடையாது. எல்லாமே நேர்குத்துதான்.

நம்ம சக பதிவர் ஒருத்தர், நல்ல நண்பர், பேரு வேணாம், போன மாசம் ஒரு பதிவு போட்டிருந்தார். சுருக்கமா சொன்னா, "தமிழனுக்கு சாலட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கிடைச்ச காயை எல்லாம் எண்ணெயில போட்டு வதக்கி, புளியில போட்டுக் கொதிக்க வச்சு, உசிரை எடுத்துட்டுத்தான் சாப்பிடுவான். அதான் ஊரெல்லாம் சுகரு." அதுக்குக் கீழ நாப்பது பேரு வந்து "சூப்பர் தல", "சாட்டையடி"ன்னு கும்மி அடிச்சிருந்தாங்க. நானும் ஒரு ஸ்மைலி போட்டுட்டு வந்துட்டேன். ஆணி அதிகம், அன்னிக்கு யோசிக்க நேரமில்ல.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். அங்க நடந்ததைப் பார்த்ததும் அந்த ஸ்மைலியைத் திரும்ப எடுத்துக்கலாமான்னு ஆயிடுச்சு.

எங்க ஊரு இலுப்பூர். புதுக்கோட்டை மாவட்டம். திருச்சியில இருந்து வந்தா விராலிமலை தாண்டி இந்தப் பக்கம், புதுக்கோட்டையில இருந்து வந்தா அன்னவாசல் தாண்டி அந்தப் பக்கம். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வர்றவங்க எங்க ஊரு பேரை பஸ் போர்டுல மட்டும் பார்த்திருப்பாங்க. இலுப்பை மரத்தால வந்த பேருன்னு ஊர்ல சொல்லுவாங்க. செம்மண்ணு, சரளை, மானாவாரிக் கடலை, மழை பெஞ்சா ரொம்புற கண்மாய், பெய்யலைன்னா கிரிக்கெட் கிரவுண்டு. அவ்வளவுதான் ஊரு.

எங்கப்பா ரிட்டையர்டு வாத்தியார். ஆறு மாசத்துக்கு முன்னாடி சுகருன்னு தெரிஞ்சது. மூணு மாச சராசரி பார்க்கிற டெஸ்ட்ல 8.2. திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, நல்லது. கூடவே ஒரு உணவுச் சீட்டும் குடுத்தாங்க. வழவழப்பான காகிதம், கலர் படம், முழுக்க இங்கிலீஷு. தினமும் ரெண்டு வேளை சாலட் சாப்பிடணுமாம். என்ன சாலட்டு? லெட்டூஸ், புரோக்கோலி, சுகினி, செர்ரி தக்காளி, மேல ஆலிவ் எண்ணெய்.

அன்னிக்கு ராத்திரி அம்மா எனக்கு போன். "தம்பி, லெட்டூஸ்னா என்னடா? முட்டைக்கோஸா?"

நான் என்ன பண்ணியிருக்கணும்? "அதெல்லாம் விடும்மா, நம்ம ஊர்ல என்ன கிடைக்குதோ அதைச் சாப்பிடச் சொல்லு"ன்னு சொல்லியிருக்கணும். நான் என்ன பண்ணினேன்? கூகிள்ல படம் தேடி வாட்ஸப்ல அனுப்பி வச்சேன். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச புத்தி, வேற எப்படி வேலை செய்யும்? அம்மா அந்தப் படத்தை வச்சுக்கிட்டு பஸ் ஏறி திருச்சி வரைக்கும் போய், ஏசி போட்ட கடையில ஒரு புரோக்கோலி, ஒரு லெட்டூஸ், ஒரு சின்ன பாட்டில் ஆலிவ் எண்ணெய் வாங்கிட்டு வந்திருக்காங்க. எண்ணெய் மட்டும் எங்க வீட்டு ரெண்டு வார மளிகைக்கு சமம். லெட்டூஸ் வெயில்ல பஸ்ல வந்ததுலயே பாதி வாடிப் போச்சு. புரோக்கோலி மூணாம் நாள் மஞ்சளாச்சு. அம்மா அதை வீணாக்க மனசில்லாம கடுகு தாளிச்சுப் பொரியல் பண்ணிட்டாங்க. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "என்னடி இது, காலிஃப்ளவர் பாசி புடிச்சாப்ல இருக்கு"ன்னு ஒதுக்கி வச்சுட்டாராம்.

இதுவரைக்கும் காமெடி. இதுக்கப்புறம்தான் விஷயமே.

ரெண்டு வாரம் முயற்சி பண்ணிட்டு அப்பா சொன்ன வார்த்தை: "நமக்கெல்லாம் சாலட்டு ஒத்து வராதுப்பா. அது பணக்கார வியாதிக்காரன் சாப்பாடு." அதோட விட்டார். லெட்டூஸை மட்டும் விடலை. பச்சைக் காயி சாப்பிடணுங்கிற எண்ணத்தையே விட்டுட்டார். பழையபடி ரெண்டு தட்டு சோறு, மேல சாம்பார், ஓரத்துல ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். நான் ஊருக்குப் போனப்போ எடுத்த டெஸ்ட்ல 8.6.

என் கோவம் லெட்டூஸ் மேல இல்லைங்க. அது பாவம், ஊட்டியிலயும் பெங்களூர் பக்கமும் குளிருல வளர்ற கீரை. அதுபாட்டுக்கு அது. என் கோவம், "சாலட்டுன்னா இதுதான்"னு ஒரே ஒரு படத்தை மாட்டி வச்சிருக்கிற புத்தி மேல. அந்தப் படத்துல உன் ஊரு காயி இல்லைன்னா, உனக்கு சாலட்டே இல்லைன்னு அர்த்தம் ஆயிடுது. ஆஸ்பத்திரி சீட்டும் அதைத்தான் சொல்லுது, நம்ம நண்பர் பதிவும் அதைத்தான் சொல்லுது. ஒருத்தர் வாங்கச் சொல்றாரு, இன்னொருத்தர் திட்டுறாரு. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, சாலட்டுன்னா என்னன்னு மொதல்ல பார்ப்போம். அந்த வார்த்தை லத்தீன்ல உப்புக்கு இருக்கிற 'சால்'ங்கிற சொல்லுல இருந்து வந்தது. உப்புப் போட்ட பச்சை இலை, காயி. அவ்வளவுதான் அர்த்தம். இப்ப கண்ணை மூடி யோசிங்க. பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிப்பிஞ்சை நாலாக் கீறி, நடுவுல உப்பும் மொளகாப்பொடியும் தடவிக் குடுக்கிறாங்களே, அது என்ன? ஸ்கூல் வாசல்ல மாங்காப் பத்தை? கொய்யாக்காயில மொளகாப்பொடி? மெரினா பீச்சுல தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்? லத்தீன்காரன் எழுந்து வந்து பார்த்தாலும் "இதுதாம்பா நான் சொன்னது"ன்னுதான் சொல்லுவான்.

ராமநவமிக்குக் கோயில்ல பானகம், நீர்மோர் கூட என்ன குடுப்பாங்க? ஊறவச்ச பாசிப்பருப்பு, பொடியா நறுக்கின வெள்ளரி, தேங்காத் துருவல், எலுமிச்சை, மேல கடுகு தாளிச்சது. சில வீட்ல கோசுமல்லிம்பாங்க, கர்நாடகாவுல கோசம்பரி. (எங்க பக்கம், செட்டிநாட்டுக் காத்து அடிக்கிற ஊர்ல எல்லாம், கோசமல்லின்னா கத்திரிக்காயை மசிச்சு இட்லிக்குத் தொட்டுக்கிறது. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.) ராமநவமி எப்ப வருது? பங்குனி, சித்திரையில. வெள்ளரிக்கா எப்ப காய்க்குது? அப்பதான். வெயில் கொளுத்துற மாசத்துல, அந்த மாசத்துக் காயி, பச்சையா, புளிப்போட. இதுக்குப் பேரு சாலட் இல்லாம வேற என்ன சாமி?

அவங்க ஊரு சீசர் சாலட்டுக்கு ஒரு கதை உண்டு. 1924-ல மெக்சிகோவுல திஹுவானா ஊர்ல ஹோட்டல் வச்சிருந்த சீசர் கார்டினின்னு ஒரு இத்தாலிக்காரர், கூட்டம் அதிகமாகி சரக்கு தீர்ந்துபோன அன்னிக்கு, அடுப்படியில மிச்சம் இருந்ததை எல்லாம் ஒண்ணாக் கலந்து குடுத்தாராம். அதான் சீசர் சாலட்டா ஆச்சுன்னு சொல்றாங்க. பார்த்தீங்களா? கையில இருந்ததைக் கலந்த ஆளு அவரு! அவரு பேரைச் சொல்லிக்கிட்டு நாம கையில இல்லாததைத் தேடி பஸ் ஏறுறோம்.

எங்க ஊரு பேரை வச்சே ஒரு பழமொழி இருக்கு: ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. நல்லது கிடைக்கலைன்னா இருக்கிறதை வச்சு ஒப்பேத்துறதுன்னு அர்த்தம். இங்க நடக்கிறது அதுக்கு நேர் தலைகீழ். ஆலையும் இருக்கு, பூவும் இருக்கு. ரெண்டையும் விட்டுட்டு வெளியூர் சர்க்கரைக்கு டோக்கன் போட்டு நிக்கிறோம்.

இப்ப அடுத்த கோஷ்டி கையைத் தட்டிக்கிட்டு வருவாங்க, எனக்குத் தெரியும். "கரெக்ட் பாஸ், நம்ம முன்னோர்கள் எல்லாம் விஞ்ஞானிகள்!" அய்யா சாமிகளா, கொஞ்சம் உக்காருங்க. உங்களுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு.

ஒண்ணு: எங்க அப்பத்தா பச்சை வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுப் பழைய சோறு சாப்பிட்டது விஞ்ஞானம் தெரிஞ்சு இல்லை. வேற ஒண்ணும் இல்லாததால. பஞ்சத்தைப் பாரம்பரியம்னு ஃப்ரேம் போட்டு மாட்டாதீங்க.

ரெண்டு: இது நம்ம காயி, அவன் காயிங்கிற சண்டையே இல்லை. எங்க ஊரு நிலக்கடலை தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. மொளகா, தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துக்காரங்கதான். வெள்ளரியும் மாங்காவும் வேணா இந்தப் பக்கத்து ஆளுங்க. கடலை வந்து சில நூறு வருஷத்துல எங்க செம்மண்ணுக்கு சம்பந்தி ஆயிடுச்சு. நாளைக்கே லெட்டூஸ் இலுப்பூர் வெயில்ல விளைஞ்சா நானே மொத ஆளா வாங்கித் திங்கிறேன். கேள்வி எங்க பிறந்ததுன்னு இல்லை. எங்க விளையுது, எந்த மாசம் விளையுது, பறிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு. இந்த மூணே மூணுதான்.

மூணு: இதைச் சாப்பிட்டா சுகர் ஓடிப்போயிடும்னு தயவுசெஞ்சு யாரும் கிளப்பாதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய், வயசு வந்தவங்கள்ல 11.4 சதவீதம். இத்தனை பேருக்கும் வெள்ளரிக்கா வைத்தியம் பார்க்காது. ஆனா காயை மொதல்ல சாப்பிட்டு சோத்தைக் கடைசியில சாப்பிட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை எகிறுறது குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைஞ்சது 400 கிராம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல உருளைக்கிழங்கு கணக்குல வராது. (அப்பா, இது உங்களுக்கு.) இந்த 400 கிராமைத் திருச்சி ஏசி கடையில இருந்து தினம் கொண்டு வர முடியுமா, பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருந்து கொண்டு வர முடியுமா? இதுதான் கணக்கு. மத்ததெல்லாம் படம் காட்டுறது.

ஊட்டத்துல லெட்டூஸ் ஏதோ உசத்தின்னு நினைக்கிறவங்களுக்கு: ஐஸ்பெர்க் லெட்டூஸ்ல 95 சதவீதத்துக்கு மேல தண்ணி. வெள்ளரியிலயும் கிட்டத்தட்ட அதேதான். தண்ணியை வாடிப்போன இலையில வாங்குறதா, காலையில பறிச்ச பிஞ்சுல வாங்குறதா, நீங்களே முடிவு பண்ணுங்க.

ஆலிவ் எண்ணெய் மேட்டருக்கும் வருவோம். டிரெஸ்ஸிங், டிரெஸ்ஸிங்னு சொல்றாங்களே, என்ன அது? கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் உப்பு. ஃபிரெஞ்சுக்காரன் மூணு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர்ங்கிறான். நாம ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில கடுகு, கறிவேப்பிலை வெடிக்க விட்டு, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியறோம். தாளிக்கிறதுதான்யா நம்ம டிரெஸ்ஸிங்! கேரட், கீரை மாதிரி காய்ல இருக்கிற சில சத்து உடம்புல ஒட்டணும்னா கூட கொஞ்சம் கொழுப்பு வேணும். தேங்காத் துருவலும் கடலையும் அந்த வேலையைப் பார்க்கும். பயறுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க எலுமிச்சை உதவும். பாட்டில்ல அடைச்சு வந்தாத்தான் அறிவியலா?

சரி, அந்த பஸ் ஸ்டாண்டு கதைக்கு வர்றேன். ஊருக்குப் போன அன்னிக்கு, பங்குனி வெயில், காலை பத்து மணிக்கே தார் உருகுது. பஸ்ஸை விட்டு இறங்குறேன், வாசல்ல ஒரு ஆத்தா கூடையில வெள்ளரிப்பிஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மேல ஈரச்சாக்கு. பத்து ரூபாய்க்கு அஞ்சு.

"என்னப்பு, பட்டணத்துல இருந்து வர்றியாக்கும். தின்னு பாரு, கசக்காது."

"எந்த ஊரு காயி ஆத்தா?"

"நம்ம கம்மாயிதேன். தண்ணி வத்துனதும் உள்வாய்ல போட்டது. முந்தியெல்லாம் பத்து வீட்டுக்காரங்க போடுவோம். இப்ப நானும் என் மகளுந்தேன். பாதிக் கம்மாயி சீமைக்கருவையால்ல கெடக்கு. யாரு வாங்குறா, எல்லாம் பாக்கெட்டுல விக்கிறதத் திங்குதுக."

இருபது வாங்கினேன். நாப்பது ரூபா. அஞ்சு ரூபா கொசுறா ரெண்டு மாங்கா வேற போட்டுச்சு. எங்க ஆபீஸ் கீழ் மாடியில ஒரு பிளாஸ்டிக் டப்பா சாலட் 329 ரூபா. வாரத்துக்கு ரெண்டு நாள் நானே வாங்கித் திங்கிறேன், மறைக்க விரும்பலை. அந்தக் காசுக்கு இந்தக் கூடையையே தூக்கிட்டு வந்திருக்கலாம்.

நாம வாங்கலைன்னா அந்த ஆத்தாவுக்கு அப்புறம் கண்மாய்ல வெள்ளரி போட ஆளு இருக்காது. அந்த நாட்டு வெதையும் போயிடும். அதுக்கப்புறம் நம்ம நண்பர் எழுதினது உண்மை ஆயிடும்: தமிழனுக்கு சாலட்டே இல்லை. இதுக்காகத்தான் இந்தப் பதிவே. 1999-ல மதுரையில மொத உழவர் சந்தை திறந்தப்ப, விளைவிச்சவங்களே நேரா விக்கணும், நடுவுல ஆளு வேணாம்னுதான் ஆரம்பிச்சாங்க. சந்தை நம்ம காசுல கட்டினதுதான். அங்க போய் வாங்குற காலு மட்டும் நம்மளோடதா இருக்கணும்.

இப்ப குறிப்பு. எங்க ஊரு மாசக் கணக்குப்படி. கையில ஒரு கத்தி இருந்தாப் போதும்.

1. பங்குனி - வைகாசி: வெள்ளரிப்பிஞ்சு, பொடியா நறுக்கின மாங்கா, நாலு சின்ன வெங்காயம், அரை மணி நேரம் ஊறவச்ச பாசிப்பருப்பு ரெண்டு கரண்டி, தேங்காத் துருவல், கடுகு தாளிப்பு. மாங்கா இருந்தா எலுமிச்சை வேணாம். முக்கியமான விஷயம்: உப்பைச் சாப்பிடுறதுக்கு முந்தின நிமிஷம் போடுங்க. முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுத் தொளதொளத்துப் போயிடும். ப்ளஸ் ஒன்ல சவ்வூடு பரவல்னு மனப்பாடம் பண்ணினோமே, அது இதுதான்.

2. ஆடி - புரட்டாசி: முளைகட்டின பச்சைப்பயறு, தக்காளி, கொய்யா, கொத்தமல்லி, எலுமிச்சை. பயறுக்கு நாம எங்கயும் தேட வேணாம். உளுந்து, பாசிப்பயறு ரகங்களுக்கு முன்னாடி 'வம்பன்'னு போட்டிருக்கும் பாருங்க, அது எங்க மாவட்டத்துல ஆலங்குடி பக்கத்துல இருக்கிற வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துல வந்தது. முளைப்பயறுல கிருமி வளர வாய்ப்பு உண்டு. வயசானவங்க, கர்ப்பிணிங்க, குழந்தைங்களுக்கு நல்லா ஆவியில வேகவச்சுக் குடுங்க. வெந்தாலும் அது சாலட்தான், ஜாதியை விட்டுத் தள்ளி வைக்க மாட்டாங்க.

3. ஐப்பசி - கார்த்திகை: மானாவாரிக் கடலை பிடுங்குற நேரம். பச்சைக்கடலையைத் தோலோட உப்புப் போட்டு அவிச்சு, உரிச்சு, வெங்காயம், பச்சை மொளகா, கொத்தமல்லி, எலுமிச்சை. மழைக்காலத்துல பச்சையாத் திங்கிறதைக் குறைச்சுக்கங்க, தண்ணி எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது.

4. மார்கழி - மாசி: கேரட், முள்ளங்கித் துருவல், ஒரு நெல்லிக்கா, தயிர். தை மாசம்னா அவிச்ச மொச்சை. வெங்காயக் காரம் பிடிக்காதவங்க நறுக்கின வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணியில போட்டு எடுங்க.

பொதுவா: முழுசா வாங்கி, ஓடுற தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவி, வீட்ல நறுக்குங்க. காலையில நறுக்கி வச்சு சாயங்காலம் விக்கிறதை வாங்காதீங்க. அது எந்த ஊருக் காயா இருந்தாலும் சரி.

கடைசியா ஆம்பளை சிங்கங்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு சமைக்கத் தெரியாது"ன்னு இத்தனை வருஷம் ஒப்பேத்திட்டோம். இதுல அடுப்பே கிடையாது. தாளிக்கக் கூடத் தேவையில்லை, சும்மா எலுமிச்சை பிழிஞ்சாப் போதும். எங்க அம்மா ஏற்கனவே ரெண்டு வேளை சமையல் பண்றாங்க. அதுக்கு மேல "சாலட்டும் பண்ணு"ன்னு ஆஸ்பத்திரி சீட்டை அவங்க கையில குடுத்ததும் நாங்க ரெண்டு ஆம்பளைங்கதான். ஊர்ல இருந்த நாலு நாளும் நான்தான் நறுக்கினேன். மொத நாள் விரலையும் சேர்த்து நறுக்கினேன், அது வேற கதை. கிளம்புற அன்னிக்குக் கத்தியை அப்பா கையில குடுத்துட்டு வந்தேன். வாத்தியார் இல்லையா, ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே அளவுல நறுக்குறாரு. தினம் காலையில நடை போறப்பவே பஸ் ஸ்டாண்டு வழியா வந்து வாங்கிட்டு வந்துடுறாராம்.

அடுத்த டெஸ்ட் இன்னும் எடுக்கலை. குறையுமா தெரியாது. சோறு மட்டும் ரெண்டு தட்டுல இருந்து ஒண்ணரையா ஆகியிருக்குன்னு அம்மா போன்ல சொன்னாங்க. ஆலிவ் எண்ணெய் பாட்டில் இப்ப சாமி ரூம்ல இருக்கு. விளக்குக்கு.

நண்பரே, உங்க பதிவுக்கு நான் போட்ட ஸ்மைலியை இதோட வாபஸ் வாங்கிக்கிறேன். மத்தவங்க எல்லாம், உங்க ஊர்ல எந்த மாசம் எந்தக் காயைப் பச்சையா சாப்பிடுவீங்க, கூட என்ன சேர்ப்பீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டணும்னாலும் திட்டிட்டு, காயி பேரையும் சேர்த்து எழுதிட்டுப் போங்க.